கோடையிலும் தேயிலை விற்கும்: வீட்டிலேயே ஐஸ் டீ போடும் முறை

சித்திரை பிறந்தால் மளிகைக் கடையில் முதலில் படுத்துவிடுவது தேயிலை வியாபாரம்தான். மாசி, பங்குனியில் வாரம் ஒரு மூட்டை தூள் எடுத்த கடைக்காரர்கள், கத்திரி வெயில் தொடங்கியதும் "பதினைந்து நாளைக்கு இது போதும் அண்ணாச்சி" என்கிறார்கள். காலையில் ஒரு டீ, அதோடு சரி. மாலை டீயை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த இடத்தை நிரப்புவது பாட்டில் குளிர்பானம். ஆவூர், விராலிமலை, மாத்தூர்ப் பக்கத்துச் சிறு கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் நாம், வருடா வருடம் சிட்டையைப் புரட்டும்போது இதைப் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறோம்.

தேயிலையைச் சூடாகத்தான் குடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? அதே தூளை, அதே சீனியை, ஒரு எலுமிச்சம்பழத்தோடு சேர்த்துக் குளிர்ச்சியாகக் குடிக்கலாம். பட்டணத்து ஓட்டல்களில் ஐஸ் டீ என்று பெரிய கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, அதற்கு ஒரு வேளைச் சாப்பாட்டு விலை போடுகிறார்கள். வீட்டில் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் பார்த்து, போடும் முறையையும் நம் வணிக நண்பர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை. கடைக்காரருக்குத் தெரிந்தால்தானே வாடிக்கையாளருக்குச் சொல்ல முடியும்!

இது எங்கிருந்து வந்தது?

ஐஸ் டீ அமெரிக்காக்காரர் பழக்கம். அந்த நாட்டில் குடிக்கும் தேநீரில் முக்கால் பங்குக்கு மேல் குளிர வைத்துக் குடிப்பதுதான். 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில், இந்தியத் தேயிலையை விளம்பரம் செய்யப் போன ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர், வெயில் கொளுத்தியதால் சுடு டீயை யாரும் சீண்டாததைப் பார்த்து, அதில் ஐஸைப் போட்டுக் கொடுத்தார் என்றும், அதிலிருந்துதான் இது பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1879-லேயே அச்சான ஒரு சமையல் புத்தகத்தில் ஐஸ் டீ செய்முறை இருக்கிறது. ஆகவே பிளெச்சிண்டன் இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஊரறியச் செய்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். நமக்கு இதில் உள்ள பாடம் வேறு. வெயிலில் சரக்குப் போகவில்லை என்று அவர் கடையைக் கட்டவில்லை. அதே சரக்கை வேறு விதமாகக் கொடுத்தார். இந்தியத் தேயிலையை விற்கப் போன இடத்தில் நடந்தது இது என்பதையும் கவனியுங்கள்.

ஐஸும் நம் நாட்டுக்கு வந்த கதை சுவையானது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார் பிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி. சென்னைக் கடற்கரையில் அவருடைய பனிக்கட்டியைச் சேமிக்க 1840-களில் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. பனிக்கட்டியைப் பாதி உலகம் சுற்றிக் கொண்டுவந்து லாபம் பார்த்த வியாபாரியும் இருந்திருக்கிறார். இன்று ஒவ்வொரு தெருவிலும் நாலு வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்தும், நாம் தேயிலையைக் கோடையில் விற்க யோசிக்கிறோம்.

எந்தத் தேயிலை?

இதுதான் முக்கியமான விஷயம். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

நம் பக்கம் பெரும்பாலும் விற்பது சி.டி.சி. தூள். இலையைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பது. சாயம் சீக்கிரம் இறங்கும், பாலைத் தாங்கும், ஒரு கிலோவுக்கு அதிகக் குவளை காணும். பால் டீக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் இதையே கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, பால் விடாமல் குளிர வைத்தால் கசப்பும் துவர்ப்பும் தூக்கலாக நிற்கும், கலங்கியும் போகும்.

கலங்குவது ஏன் என்று பல பேர் கேட்கிறார்கள். "நேற்று வாங்கிய தூளில் ஏதோ கலப்படம், டீ ஆறியதும் சேறு மாதிரி ஆகிவிட்டது" என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டு வருபவர்களும் உண்டு. அது கலப்படம் அல்ல. தேயிலையில் உள்ள காபீன் சத்தும், துவர்ப்பையும் சாயத்தையும் தருகிற பொருள்களும் சூட்டில் கரைந்து இருக்கும். குளிர்ந்ததும் ஒன்றோடு ஒன்று பிடித்துக் கொண்டு மெல்லிய ஏடு போலப் பிரிந்து நிற்கும். டீ எவ்வளவு கடுப்பாக இருக்கிறதோ அவ்வளவு கலங்கும். கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கினால் மறுபடி தெளிந்துவிடும். இந்த ஒரு விவரத்தைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருந்தால், வாடிக்கையாளர் எதிரில் தலைகுனிய வேண்டியதில்லை. அங்கேயே ஒரு தம்ளர் வெந்நீரில் தெளிய வைத்துக் காட்டிவிடலாம்.

நீலகிரியில் பழைய முறைப்படி இலையை வாட்டி உருட்டித் தயாரிக்கும் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு, குளிர வைத்தாலும் தெளிவாக நிற்கும் என்று வெளிநாட்டுச் சந்தையில் நல்ல பெயர் உண்டு. ஐஸ் டீக்கென்றே அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2008-இல் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் மாநிலத்துச் சரக்கு, நம் கண்ணெதிரே குன்னூரில் 1963 முதல் ஏலம் நடக்கிறது. ஆனால் நம் மளிகைக் கடைகளில் இந்த இலை ரகத்தைத் தேடினாலும் கிடைக்காது. நீலகிரியிலும் விளைவதில் பெரும்பகுதி சி.டி.சி.யாகத்தான் போகிறது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்று அங்குள்ள சிறு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து வருகிறார்கள். கீழே சமவெளியில் நாம் கோடையில் தூள் எடுப்பதைக் குறைத்தால், அது மேலே போய் அவர்கள் தலையில்தான் விழும்.

அதற்காக எல்லாக் கடைக்காரரும் ஆர்த்தடாக்ஸ் இலையை மூட்டை மூட்டையாக வாங்கிப் போடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கிலோ இரண்டு கிலோ வாங்கி வைத்து, கேட்கிறவர்களுக்கு 50 கிராம், 100 கிராம் என்று கொடுத்துப் பாருங்கள். மற்றவர்களுக்குச் சாதாரணத் தூளே போதும், போடும் முறையை மாற்றினால்.

போடும் முறை

ஒரு லிட்டருக்குக் கணக்கு இது. சி.டி.சி. தூள் என்றால் 6 கிராம், அதாவது சிறு கரண்டியால் தலை தட்டிய மூன்று கரண்டி. இலை ரகம் என்றால் 10 கிராம். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட வேண்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் தூளைப் போட வேண்டும். நம் வீடுகளில் தூளைப் போட்டு மூன்று கொதி விடுவது வழக்கம். பால் டீக்கு அது சரி, இதற்கு ஆகாது. மூடி வைத்து, தூள் என்றால் 2 நிமிடம், இலை என்றால் 4 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வடிகட்டியில் ஒரு மெல்லிய துணியைப் போட்டு வடித்தால் பொடி இறங்காது. துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் துவர்ப்பு வரும்.

சூடு இருக்கும்போதே 60 கிராம் சீனியைப் போட்டுக் கரைத்துவிட வேண்டும். ஆறிய பிறகு போட்டால் சீனி அடியில் தங்கும். கரையவில்லை என்று இன்னும் இரண்டு கரண்டி போடுவார்கள், கடைசித் தம்ளர் பாகாக இருக்கும். கரைந்ததும் அரை லிட்டர் ஆறிய நல்ல தண்ணீர் விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். கொதிக்கக் கொதிக்க உள்ளே வைத்தால் டீயும் கலங்கும், பெட்டிக்கும் கேடு.

குடிக்கும் நேரத்தில் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. முதலிலேயே சூட்டில் பிழிந்தால் மணம் போய்விடும். பழச் சாறு பட்டதும் டீயின் கருஞ்சிவப்பு மங்கி வெளிர் பொன்னிறம் ஆகும். "சாயம் போய்விட்டதே, சாயத் தூளா?" என்று சந்தேகப்பட வேண்டாம். புளிப்புப் பட்டால் தேயிலைச் சாயம் வெளுப்பது அதன் இயற்கை.

இன்னொரு முறையும் உண்டு; நமக்கு அதுதான் பிடித்தது. அடுப்பே வேண்டாம். காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 10 முதல் 12 கிராம் இலைத் தேயிலையைப் போட்டு மூடி, இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் காலையில் வடித்துக் கொள்ளலாம். ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். துவர்ப்புத் தரும் பொருள்கள் குளிர்ந்த நீரில் அவ்வளவாக இறங்குவதில்லை. ஆகவே கசக்காது, கலங்காது. சீனி குறைவாகப் போட்டாலே இனிப்பாகத் தெரியும். சர்க்கரை நோய்க்காரர்கள் சீனி இல்லாமலே குடிக்கிறார்கள். இதற்குத் தூளைவிட இலைதான் ஏற்றது.

வெயிலில் கண்ணாடிப் புட்டியை வைத்து டீ இறக்கும் பழக்கம் ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது. நம் வெயிலுக்கு அது சுலபம்தான் என்று யாரும் முயற்சி செய்ய வேண்டாம். வெயில் சூடு கிருமியைக் கொல்லாது, வளர்த்துவிடும். எந்த முறையில் போட்டாலும் அன்றைக்குப் போட்டதை அன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பகுதியில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினம். அதில் டீ போட்டால் மேலே எண்ணெய் படிந்தது போல் ஆடை கட்டும், நிறம் கருக்கும், மணம் எழும்பாது. எவ்வளவு விலை உயர்ந்த இலையைப் போட்டாலும் வீண்தான். காவிரிக் குழாய்த் தண்ணீர் அல்லது கேன் தண்ணீரில் போடச் சொல்லுங்கள்.

ஐஸ் வாங்கும்போது

வீட்டில் உறைய வைத்த கட்டி இருந்தால் கவலை இல்லை. திருவிழா, கல்யாணம் என்று பெரிய அளவில் போடுகிறவர்கள் வெளியே வாங்குவார்கள். மீனுக்குப் போடும் ஐஸ் வேறு, குடிக்கும் பானத்தில் போடும் ஐஸ் வேறு. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே, உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் உத்தரவிட்டது. நீலச் சாயை இருந்தால் தொடவே வேண்டாம். வெள்ளையாக இருந்தாலும் குடிநீரில் உறைந்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஐஸைப் பானத்துக்குள் போடாமல், பாத்திரத்தைச் சுற்றி வெளியே அடுக்கிக் குளிர வைத்தால் தீர்ந்தது.

நமது ஊரைப் பொறுத்தவரை இதற்கு ஒரு தனிக் காலம் உண்டு. வீரமாமுனிவர் பணி செய்த பெருமையுடைய ஆவூர் பெரியநாயகி மாதா கோயிலில், ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கா நாடகமும் அதைத் தொடர்ந்து தேரும் நடக்கும். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்ற பேதமில்லாமல் கூட்டம் கூடும். சரியாக வெயில் ஏறும் நேரம். மோர்ப் பந்தலும் பானகமும் நம் மரபு; அவை அப்படியே இருக்கட்டும். மோருக்கும் பானகத்துக்கும் பக்கத்தில் காசு கொடுத்துக் குடிக்கும் கூட்டமும் இருக்கிறது. அது பாட்டிலைத்தான் தேடுகிறது. டீக்கடை வைத்திருக்கும் நண்பர்கள் அந்த இரண்டு மூன்று நாள் ஐஸ் டீ போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு

தூள் கிலோ 300 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 6 கிராமுக்கு 1 ரூபாய் 80 காசு. சீனி கிலோ 45 ரூபாய் என்றால் 60 கிராமுக்கு 2 ரூபாய் 70 காசு. எலுமிச்சம்பழம் ஒன்று 5 ரூபாய் வீதம் இரண்டு, 10 ரூபாய். ஆக ஒரு லிட்டருக்கு 14 ரூபாய் 50 காசு. 200 மில்லி தம்ளராக ஐந்து பேர் குடிக்கலாம். தம்ளர் 3 ரூபாய்க்கும் குறைவு. எரிவாயு, மின்சாரம் தனி. பழம் ஏறினால் கணக்கும் ஏறும்; கோடையில் எலுமிச்சை தங்கமாக விற்பதை நாம் பார்க்காததா? அப்போது ஒரு பழத்தோடு நிறுத்தி, நன்னாரி சர்பத் ஒரு மூடி விடலாம். புதினா, இஞ்சி, துளசி எது சேர்த்தாலும் பொருந்தும். ஊற வைத்த சப்ஜா விதையைப் பிள்ளைகள் விரும்புகிறார்கள். நாட்டுச் சர்க்கரை போட்டால் நல்லதுதான், ஆனால் டீ மங்கலாகத் தெரியும். கருப்பட்டி போட்டால் கருப்பட்டி வாசனைதான் நிற்கும், தேயிலை ஓடிவிடும்.

இந்தக் கணக்கில் வந்த பொருள்களை ஒரு தடவை திரும்பப் படியுங்கள். தேயிலை, சீனி, எலுமிச்சை, நன்னாரி, சப்ஜா, இஞ்சி. எல்லாமே நம் கடையில் இருப்பவை. பாட்டில் குளிர்பானத்துக்கு வரியே 40 சதவீதம்; தேயிலைக்கு 5 சதவீதம். பாட்டில் விற்பதில் கடைக்காரருக்கு நிற்பது சொற்பம். குளிர்பெட்டிக்கு மின்கட்டணம் அவர் தலையில்.

2017 ஜனவரியில், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி, அந்த ஆண்டு மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தது நினைவிருக்கும். நாமும் உணர்ச்சியோடு கலந்து கொண்டோம். ஆனால் சில மாதங்களில் நம் பக்கத்துப் பல கடைகளுக்குப் பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாசலில் வந்து "குளிர்ச்சியாக என்ன இருக்கு?" என்று கேட்கிறவரிடம், இது இல்லை, அது இல்லை என்று எத்தனை நாள் சொல்வது? எடுத்துக் கொடுக்க இன்னொன்று கையில் இருந்திருக்க வேண்டும் என்பது நமது எண்ணம்.

சரக்கில் கவனம்

ஐஸ் டீ பால் இல்லாத டீ. பாலும் கொதியும் மறைக்கிற குற்றங்களை இது மறைக்காது. ஆகவே சாயம் ஏற்றிய தூளை, பயன்படுத்திய சக்கையைக் காய வைத்துச் சாயமிட்ட தூளை, வாடிக்கையாளர் முதல் தம்ளரிலேயே கண்டுபிடித்துவிடுவார். பெயர் கெடுவது கடைக்காரருக்குத்தான். மலிவாக வருகிறது என்று பெயர் தெரியாத உதிரித் தூளை வாங்காதீர்கள். வாங்கும் முன் ஒரு கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகை தூளை மேலே தூவுங்கள். நல்ல தேயிலை பச்சைத் தண்ணீரில் மெதுவாகத்தான் சாயம் விடும். போட்ட மாத்திரத்தில் செந்நிறம் கோடு கோடாக இறங்கினால் வேண்டாம். ஈரமான மை ஒற்றும் தாளில் தூவிச் சிறிது நேரம் கழித்துக் கழுவிப் பார்க்கலாம். தாளில் திட்டுத் திட்டாகக் கறை நின்றால் சாயத் தூள். காந்தத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஆலை உருளை தேய்ந்து ஒன்றிரண்டு இரும்புத் துகள் வருவது சகஜம். கொத்தாக ஒட்டினால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

தேயிலை அக்கம்பக்கத்து வாசனையைப் பஞ்சு போல இழுக்கும். பெருங்காயம், சோப்பு, ஊதுவத்தி, கருவாடு இவற்றுக்குப் பக்கத்தில் வைத்த தூளில் பால் டீ போட்டால்கூடக் கொஞ்சம் சமாளிக்கலாம். குளிர்ந்த டீயில் அந்த வாசனை அப்படியே தெரியும். இறுக்கமான தகர டப்பாவில், வெயில் படாத தட்டில் வைக்கவும்.

தேயிலை, சீனி, சப்ஜா மூன்றையும் ஒன்றாகக் கட்டி "ஐஸ் டீ பொட்டலம்" என்று தொங்க விடலாமா என்று இரண்டொரு நண்பர்கள் கேட்டார்கள். விடலாம். ஆனால் முன்கூட்டியே கட்டி வைத்தால் பொருளின் பெயர், எடை, விலை, கட்டிய தேதி, கட்டியவர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். கேட்கும்போது எதிரிலேயே நிறுத்துக் கொடுப்பதில் அந்தத் தொல்லை இல்லை. சிறு கடைகளுக்கு அதுவே மேல்.

வாடிக்கையாளரிடம் இதையும் சொல்லிக் கொடுங்கள்: தண்ணீருக்குப் பதிலாக இதையே நாள் முழுவதும் குடிக்கக் கூடாது. அமெரிக்காவில் ஒருவர் தினம் 16 தம்ளர் ஐஸ் டீ குடித்துச் சிறுநீரகம் செயலிழந்ததை 2015-இல் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. தேயிலையில் உள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் அளவுக்கு மீறிச் சேர்ந்ததுதான் காரணம். நம் ஊரில் கோடை வந்தால் கல்லடைப்பு என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் அதிகம். அவர்கள் மருத்துவரைக் கேட்டுக் கொள்ளட்டும். மற்றவர்களுக்கு நாளைக்கு இரண்டு மூன்று தம்ளர் போதுமானது. சின்னக் குழந்தைகளுக்கு எலுமிச்சை நன்னாரி போதும், தேயிலை வேண்டாம்.

இலை ரகம் வேண்டும் உறுப்பினர்கள் பங்குனி முடிவதற்குள் தங்கள் மொத்த வியாபாரியிடம் சொல்லி வைக்கவும். நாலைந்து கடை சேர்ந்து ஒரு மூட்டையாக எடுத்துப் பங்கிட்டுக் கொண்டால் லாரி வாடகை குறையும், சரக்கும் தேங்காது.